மதிலுக்கு வெளியே மேயும் ஆடுகள்

என் மகள் ரம்யாவின் இடது மணிக்கட்டை ஒரு செம்மறிக்கிடா உடைத்துவிட்டது என்ற தகவல் வந்தபோது நான் கரமனைச் சந்தி வாழைக்காய்க் கடையில் ஏத்தங்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். போனில் அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பயப்படண்டா அப்பா. காதுல அடையாளம் போடப் பிடிச்சேன். அது குதிச்சது, நான் விழுந்தேன். கெட்டுப் போட்டாச்சு. ஆறு வாரம், அவ்வளவுதான்."

போனை வைத்ததும் கடைக்காரரிடம் இன்னும் இரண்டு கிலோ ஏத்தங்காய் போடச் சொன்னேன். எப்படியும் போகப்போகிறோம், உப்பேரி வறுத்து எடுத்துப் போகலாமே என்று புத்திக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

ரம்யா ஒரு நர்ஸ். ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளில் ஆகக் கடைசித் தீவு ஒன்றில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். தீவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மொத்தம் அறுபது பேர் இருக்கிற இடம். பெயரைச் சொன்னால் நான் யாருடைய ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

என் மனைவி சரசுவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளால் வர முடியாது. ஆனால் உத்தரவு போட முழங்கால் வேண்டியதில்லை.

"நீங்க போயி ரெண்டு வாரம் பொங்கிக் குடுங்க. வரும்பம் அவளையும் கையோட கூட்டிட்டு வாங்க. ஆடு மேய்க்கவா அவள நர்சிங் படிக்க வச்சோம்?"

"அவ மேய்க்கல்ல சரசு. பதினோரு ஆடுதான் வளக்கா."

"பதினோண்ணு மேய்ச்சா மேய்ப்பில்லயா?"

நான் பெட்டியைக் கீழே இறக்கினேன். வறுத்துப் பொடித்த தேங்காய் மசாலா, எலுமிச்சை ஊறுகாய், உப்பேரி, புழுங்கலரிசி என்று பெட்டி நிறைந்தது. துணிக்கு மிஞ்சிய இடத்தில் கம்பளிச் சட்டை இரண்டும், எதற்கென்று தெரியாமல் ஒரு இரட்டை வேட்டியும் வைத்தேன்.

தீவுக்கு முந்தைய ஊர்வரை ஒரு சிக்கலும் இல்லாமல் வந்துவிட்டேன். அங்கே பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. சின்ன விமானம் இரண்டு நாள் எழும்பவில்லை. விமான நிலையத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள் வாக்குவாதம் செய்தார்கள். "இது பனியே இல்லை, மேகம் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது" என்றார் ஒருவர். "உட்கார்ந்தது எழுந்திருக்கும், இது படுத்துவிட்டது" என்றார் மற்றவர். இருவரும் அதை மிகவும் தீவிரமாகப் பேசினார்கள்.

தங்கிய வீட்டில் காலை உணவு உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி. கஞ்சி என்றால் எனக்கு அந்நியமில்லை. பெட்டியைத் திறந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்தேன். வீட்டுக்காரம்மாள் கண்கொட்டாமல் பார்த்தார். ஒரு துளி கேட்டு வாங்கி நாக்கில் வைத்தார், இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார், உள்ளே போனார். மறுநாள் காலை கஞ்சியை என் முன்னால் வைத்துவிட்டுத் தானும் ஒரு கிண்ணத்தோடு எதிரில் உட்கார்ந்து, பாட்டில் எங்கே என்று கேட்டார்.

மூன்றாம் நாள் வானம் தெளிந்தது. எட்டுப் பேர் உட்காரும் விமானம். பெட்டியை எடை பார்த்தார்கள், பிறகு என்னையும் எடை பார்த்தார்கள். எடையைச் சமன் செய்ய என்னை விமானிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார்கள். "முன்னால் இருக்கும் எதையும் தொடாதீர்கள். மற்றபடி சந்தோஷமாக இருங்கள்" என்றார் விமானி. அவரே இறங்கிப் போய்க் கதவைச் சாத்தி, தட்டிப் பார்த்து, ஏறி வந்தார். டிரைவரும் கண்டக்டரும் ஒருவரே. இன்ஜின் சத்தம் பழைய பம்ப்செட் போல இருந்தது. எங்கள் ஊரில் கிழக்கேகோட்டையில் ஏறிய பஸ் தம்பானூர் நெரிசலைத் தாண்டுகிற நேரத்துக்குள் கடலைத் தாண்டி இறங்கிவிட்டோம்.

புல்வெளியில் ஒரு தீயணைப்பு வண்டி. அதன் பக்கத்தில் மஞ்சள் உடுப்பும் தலைக்கவசமும் போட்ட ஒருவர். விமானத்தின் விசிறி நின்றதும் அவர் கவசத்தைக் கழற்றினார். எழுபதை நெருங்கிய ஒரு பெண். மஞ்சள் உடுப்பை உரித்துப் போட்டுவிட்டு, சிவப்புக் கோட்டை மாட்டி, விமானத்திலிருந்து தபால் பையை வாங்கிக்கொண்டார். பிறகு என் பெட்டியையும் தூக்கினார்.

"நான் ஆக்னஸ். ரம்யா ஒருவருக்கு ஊசி போடுகிறாள். ஒரு கை என்பதால் இரண்டு மடங்கு நேரம் ஆகும். வாருங்கள்."

ரம்யா என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். அந்தப் பிடியிலேயே என்னை நாற்காலியில் உட்கார வைத்து, வலது கையால் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"இத்திரி கூடுதலா இருக்கு. அம்மைட்ட சொல்லண்டா" என்றாள். என் மகள் சுகமாகத்தான் இருக்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அது என் வேலையைக் கஷ்டமாக்கியது.

மறுநாள் காலை மதிலைப் பார்த்தேன். தீவைச் சுற்றிலும் கடலை ஒட்டி ஆள் உயரத்துக்குக் கருங்கல் அடுக்கிய மதில். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்மேல் கல். நான் முப்பத்திரண்டு வருடம் அரசாங்க ஓவர்சீயராக இருந்தவன். அதில் பாதிக்கும் மேல் வலியதுறைக்கும் பூந்துறைக்கும் நடுவே கடலைத் தடுக்கக் கடல்பித்தி கட்டின காலம். லாரியில் கல் கொண்டுவந்து கொட்டுவோம், கடல் தின்னும், மறுபடி கொட்டுவோம். ஆகவே மதிலைக் கண்டதும் தொழில் நினைப்பில், "கடல் ஏறாமல் இருக்கக் கட்டினதா?" என்று ஆக்னஸிடம் கேட்டேன்.

"கடலை யார் தடுக்க முடியும்? இது ஆடுகள் உள்ளே வராமல் இருக்க."

மதிலின்மேல் எட்டிப் பார்த்தேன். வெளியே, பாறைக்கும் அலைக்கும் நடுவில், நூற்றுக்கணக்கில் ஆடுகள். நம் ஊர் வெள்ளாட்டைவிடச் சின்ன உருவம். சாம்பல், கறுப்பு, வெள்ளை, நனைந்த சாக்கின் நிறம். கடல் வற்றிய நேரம் அது. ஆடுகள் வழுக்குப் பாறையில் ஆட்டக்காரிகள் மாதிரிக் கால் வைத்து நடந்து, தோல்பட்டை போல நீண்டு கிடந்த கடற்பாசியைக் கடித்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. ஒன்று முழங்கால் தண்ணீரில் நின்று அலை விலகக் காத்திருந்து, விலகியதும் தலையை விட்டது. சாலைச் சந்தையில் சினிமா போஸ்டரை உரித்துத் தின்னும் ஆடுகளைப் பார்த்துப் பழகிய எனக்கே இது புதிது.

ரம்யா விளக்கினாள். பல தலைமுறையாகப் பாசி தின்று வளர்ந்த இனம். வேறெங்கும் இப்படி ஒரு மந்தையாக இல்லை. பாசியில் செம்புச் சத்து மிகவும் குறைவு என்பதால் கிடைக்கிற துளியையும் விடாமல் பிடித்து வைக்கிற உடம்பு இவற்றுக்கு. புல்லில் செம்பு அதிகம். வாரக்கணக்கில் புல்லே தின்றால் அதுவே விஷமாகி ஈரல் கெட்டுச் சாகும். குட்டி போடும் காலத்தில் தாய் ஆடுகளைச் சில மாதம் உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். மற்றபடி அவற்றின் கடிகாரம் கடல். வற்றினால் தீனி, ஏறினால் அசை போடுதல்.

"வீடு வாடகைக்கு எடுத்தப்போ, இந்த வீட்டுக்கு ஆடு வளக்க அவகாசம், அதான் உரிமை, உண்டு, மதில்ல ஒரு பங்கும் உண்டுன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. அவகாசம் மட்டும் இருந்து ஆடு இல்லாம இருந்தா மோசமல்லே? ஆளுக்கு ஒண்ணுன்னு தந்தாங்க. அடையாளம் பாருங்க, இடது காதுல ரெண்டு வெட்டு."

அவள் தன் ஆடுகளைத் தூரத்திலிருந்தே இனம் கண்டு காட்டினாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. கையை உடைத்த கிடாவை மட்டும் சுலபமாகத் தெரிந்துகொண்டேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தினமும் நான் சமைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆக்னஸ் ஒரு தொடைக்கறி கொண்டுவந்தார். கறுத்த கறி, வாசனையும் வேறு. தேங்காய் மசாலாவில் வறுத்தரைத்த குழம்பாக வைத்தேன். வேக நேரம் எடுத்தது. ஆனால் வாயில் வைத்தபோது ஆட்டுக்கறியும் கருவாடும் சம்பந்தம் பேசி முடித்தது போல ஒரு ருசி. அன்று சாப்பிட வந்த நாலு பேர் மறுநாள் ஒன்பது பேராயினர். ஆக்னஸுக்குச் சளி பிடித்திருந்தது. மிளகு ரசம் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதை மூக்குக்கா, வயிற்றுக்கா எதற்குக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார்.

ஒவ்வொரு நாளும் சரசு போன் செய்வாள்.

"சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல. கை வலில இருக்கா."

"கை வலிக்கதுக்கும் வீட்டுக்கு வாறதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க அங்க போயி குழம்பு வச்சு ஊரக் கூட்டுகிய."

அது உண்மைதான். மறுநாள் சொல்லலாம், மறுநாள் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

எட்டாம் நாள் மதியம் காற்று தொடங்கியது. கடலோரத்தில் வேலை பார்த்தவன், ஜூன் மாத இடவப்பாதி மழையெல்லாம் பார்த்தவன் என்று ஜன்னல் பக்கத்தில் துணிச்சலாக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்துக்குள் சுவர் பக்கம் நாற்காலியை மாற்றிக்கொண்டேன். காலையில் காற்று அடங்கியதும் ஆக்னஸ் வாசலில் வந்து நின்றார். "மதில் போயிற்று. பத்துப் பன்னிரண்டு கஜம். ஆடுகள் உள்ளே."

பிள்ளைகள், கிழவர்கள் உட்பட முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நாய்களை அவிழ்க்கவில்லை. நாயைக் கண்டால் இந்த ஆடுகள் ஒன்றோடொன்று நிற்காமல் சிதறுமாம். மனிதர்களே கைகோத்த மாதிரி வரிசையாக நடந்து, ஆடுகளை ஓட்டி, இடிந்த வாய் வழியாகவே வெளியே தள்ள வேண்டும். ஆக்னஸ் எனக்கு ஒரு இடம் காட்டினார். இடப்பக்கம் வேலி முடிகிற மூலை.

"இங்கே நில்லுங்கள். ஆடு வந்தால் பெரிதாக இருங்கள்."

"பெரிதாக இருப்பது எப்படி?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். என் உருவத்துக்குக் கையை விரித்தாலும் பெரிதாகாது. வீட்டுக்கு ஓடி அந்த இரட்டை வேட்டியை எடுத்து வந்தேன். ஆடுகள் மேட்டைத் தாண்டி ஒரு வெள்ளம்போல என்னை நோக்கி வந்தபோது வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். காற்று அதில் புகுந்து பாய்மரம்போல் உப்பியது. முன்னால் வந்தவை திகைத்து நின்றன, திரும்பின, மதில் வாயைப் பார்த்து ஓடின. ஒரே ஒரு கிடா மட்டும் வேட்டியைப் பொருட்படுத்தாமல் என் தோளுக்கு மேலாகத் தாவிப் போனது. காதில் இரண்டு வெட்டு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

எல்லாம் வெளியேறியதும் ரம்யா தன் ஆடுகளை எண்ணினாள். தப்பிய கிடாவை நாலு பேர் பிடித்துத் தள்ளியபிறகும் பத்துதான் இருந்தன. அவள் வயலை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அரை மைல் தள்ளி ஒரு வாய்க்காலில் அந்தப் பதினோராவது ஆடு கிடந்தது. மல்லாந்து, நாலு காலும் வானத்தைப் பார்த்தபடி. கம்பளி தண்ணீர் குடித்துக் கனத்திருந்ததால் புரள முடியவில்லை. வயிறு உப்பியிருந்தது. ஆடு அப்படியே கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று ரம்யா ஓடிக்கொண்டே சொன்னாள். அவள் சேற்றில் குப்புறப் படுத்து வலது கையை ஆட்டின் அடியில் விட்டாள்.

"அப்பா, இறங்குங்க. கம்பிளியப் பிடிங்க. கொம்பப் பிடிக்கண்டா. நான் சொல்லும்பம் ஒண்ணிச்சுத் தூக்கணும்."

இறங்கினேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர், ஐஸ் போல. முதல் முறை வழுக்கியது. இரண்டாம் முறையும். "கையில பலம் இல்லையா, ஓவர்சீயர் சாரே?" என்று அவள் கத்தினாள். மூன்றாம் முறை அது கரையில் வந்து புரண்டது. கால் மரத்துப்போயிருந்ததால் நிற்க முடியாமல் சரிந்தது. நிற்கும்வரை நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். அவள் ஒரு பக்கம், நான் மறுபக்கம். ஆட்டின் முதுகுக்கு மேலே இரண்டு முகங்களும் எதிரெதிரே. இருவராலும் எங்கேயும் போக முடியாது.

"அம்மை என்ன சொல்லிவிட்டா?" என்று கேட்டாள்.

"உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னா."

"நீங்க என்ன சொல்லுகிய?"

"கை ஒடிஞ்சா கஞ்சி வச்சுத்தர ஆளில்லாத எடம் மக்களே."

"ஆளில்லன்னு யாரு சொன்னா? நீங்க வாறதுக்கு முன்ன எல்லா நாளும் வாசல்ல சூப்பு இருந்தது. எல்லா நாளும் ஒரே சூப்பு, அதான் கஷ்டம்." ஆட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நான் ஊர்ல ஆசுபத்திரியில ஒரு ஷிஃப்ட்ல நாப்பது பேருக்கு மருந்து குடுத்தேன். ஒருத்தரு பேரும் ஓர்மையில்ல. இங்க அறுபது பேருக்கும் எது எப்போ வலிக்கும்னு தெரியும்."

நான் ஆட்டைப் பார்த்தேன்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேலைய நீட்டிக் கேட்டாங்க. நான் பேப்பர்ல ஒப்பு போட்டுட்டேன். போன மாசம். சொல்ல தைரியம் வரல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, போன மாதம் தினமும் போனில் பேசியும் நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையே என்ற வருத்தம் வந்தது. "எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே" என்றேன். அவள் கண் நிறைந்தது. வலது கை ஆட்டின்மேல், இடது கை மாவுக்கட்டில். துடைக்க வழியில்லை. நான் என் கம்பளிச் சட்டையின் கையை நீட்டித் துடைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் ஆடு நீளமாக ஒரு ஏப்பம் விட்டது. கடற்பாசி நாற்றம் இரண்டு முகத்திலும் அடித்தது. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. ஆடு எங்கள் இருவரையும் உதறிவிட்டு நின்றது, நாலு அடி நடந்தது, குனிந்து ஒரு வாய் புல்லைக் கடித்தது. "அது தின்னாதடீ" என்று ரம்யா அதன் பின்னால் ஓடினாள்.

மதிலைத் திரும்ப எழுப்ப ஐந்து நாள் ஆனது. நான் முதல் நாளே ஆக்னஸிடம் ஒரு யோசனை சொன்னேன். நடுவில் கொஞ்சம் சிமெண்ட் கலவை விட்டால் அசையாதே?

"அசையாததைத்தான் கடல் முதலில் பிடுங்கும்" என்றார் அவர். "ஓட்டை இருந்தால் காற்று போகும், தண்ணீர் வடியும். இடிந்தாலும் கல் இங்கேயே கிடக்கும், எடுத்து அடுக்கலாம்."

வாயை மூடிக்கொண்டு கல் எடுத்தேன். ரம்யாவின் வீட்டுப் பங்கு ஒரு மூன்று கஜம். அவளால் முடியாது என்பதால் அது என் பொறுப்பு. பெரிய கல் அடியில், ஒவ்வொன்றும் இரண்டு கல்லின் பொருத்தின்மேல், இடுக்கில் சின்னக் கல். நான் வைத்த கல்லை ஆக்னஸ் வந்து விரலால் ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் எடுத்துத் தரையில் போட்டுவிட்டுப் போவார். முதல் நாள் முடிவில் நான் அடுக்கியதைவிடத் தரையில் கிடந்ததுதான் அதிகம். முப்பத்திரண்டு வருடம் கல்லோடு இருந்தவனுக்கு ஒரு கல்லின் முகம் எது, முதுகு எது என்று அன்றுதான் தெரிந்தது. ஐந்தாம் நாள் அவர் ஆட்டிப் பார்த்தார், ஒன்றையும் எடுக்கவில்லை. எனக்கு உத்தியோக உயர்வு கிடைத்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அன்று மதியம் சரசுவிடம் சொன்னேன். நீட்டிப்பு, ஒப்பு எல்லாம்.

"அவகிட்ட போனக் குடுங்க."

ரம்யா போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே மதிலோரம் நடந்துகொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "கோபமாத்தான் இருக்கா" என்றாள். "ஆனா ஆட்டுக்கு என்ன பேரு வச்சிருக்கன்னு கேட்டா."

நான் கிளம்பும்போது ஆக்னஸ் மஞ்சள் உடுப்பில் இருந்ததால் கை குலுக்க முடியவில்லை. தலைக்கவசத்தை மட்டும் ஆட்டினார். ஊறுகாய் பாட்டிலை அவரிடம் விட்டு வந்தேன்.

கரமனைக்குத் திரும்பிய பிறகு சரசு என்னிடம் மூன்று நாள் அளவாகப் பேசினாள். நாலாம் நாள் மதிலைப் பற்றிக் கேட்டாள். கேட்டதும் நான் விஸ்தாரமாகச் சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். என்னோடு வேலை பார்த்த பழைய ஆட்களைத் தேடிப் போய்ச் சொன்னேன். சிமெண்ட் இல்லாமல் மூன்று கஜம், ஒரு கல் ஆடாது என்று.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ரம்யாவிடமிருந்து ஒரு படம் வந்தது. நானும் சரசுவும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் அங்கே பெரிய காற்று. படத்தில் மதில். இடது பக்கம் மதில் அப்படியே நிற்கிறது. வலது பக்கமும் நிற்கிறது. நடுவில் சரியாக மூன்று கஜம் காணவில்லை. அந்தச் சந்து வழியாக ஒரு கிடா தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

கீழே ரம்யா எழுதியிருந்தாள்: "கல்லு எல்லாம் அங்கயே கெடக்கு. ஆக்னஸ் தொடமாட்டேன்னு சொல்லுகா. உங்க பங்காம்."

சரசு போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டு மறுபடி பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க கெட்டினது விழுந்தா நீங்கதான போயிக் கெட்டணும்" என்றாள். பிறகு நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து, முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, அடுக்களைவரை நடந்து, திரும்பி வந்தாள்.

"சித்திரையில போவோம். சின்னக் கல்லு நான் எடுத்துத் தாரேன்."